கிழக்குப் பார்த்த நாற்காலி

துருவ வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் குறைதீர்ப்புப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அந்த அறைக்குள் நுழைய வடதுருவம் வேண்டும். குறை உள்ளவர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் தென்துருவம். ஆகவே அந்த அறையில் இதுவரை ஒரு குறையும் எழுந்ததில்லை. அதற்காக அந்த அலுவலகம் விடாமல் விருது வாங்கிக்கொண்டிருந்தது.

சாரதாமணி வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினாள். அவளுக்கு அது பெரிய சிரமமில்லை. நகராட்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கபடி சொல்லிக்கொடுத்த தொண்டை. உள்ளே நாலாவது மேசையில் இருந்த துணை அலுவலர் வைத்தீஸ்வரன் காதைத் தேய்த்துக்கொண்டே சன்னல் பக்கம் வந்தார்.

“எனக்குத் தெற்குன்னு காட்டுதுங்க. அது தப்பு.”

“சென்சார் பொய் சொல்லாதுங்கம்மா.”

“சரி, எனக்கு என்ன மதிப்பெண் போட்டீங்க? அதையாச்சும் காட்டுங்க.”

“அத அழிச்சாச்சுங்க. காந்தம் வெச்ச கையோட அழிச்சுருவோம். உங்களப் பத்தி எங்ககிட்ட ஒரு எழுத்து கெடையாது. உங்க அந்தரங்கம்னா எங்களுக்குக் கோயில் மாதிரி.”

“அப்ப தப்பு நடந்திருந்தா எங்க போயித் திருத்தறது?”

“தப்பு இருக்கோணும்னா அதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா? பதிவே இல்ல. அப்பறம் தப்பு எங்க உக்காரும்?” வைத்தீஸ்வரன் தம்முடைய தர்க்கத்தைத் தாமே ஒரு நிமிடம் ரசித்தார். “வாசல மறைக்காம அக்கட்டால நில்லுங்க. வடக்கு வர்ற நேரம்.”

இந்தத் திட்டம் பிறந்த கதை சுருக்கமானது. மக்களைப் பற்றிய தகவல் எதையும் அரசு சேர்த்துவைக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் உச்சியிலிருந்து தீர்ப்பு வந்தது. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று தெரியாமல் ஓர் அரசு எப்படித் தூங்கும்? ஒரு குழு அமைத்தார்கள். குழு ஏழெட்டு நாடுகளுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு யோசனை சொன்னது: தகவலை நாம் வைத்துக்கொண்டால்தானே குற்றம், அவரவர் தகவலை அவரவர் கையிலேயே வைத்துவிடுவோம். பதினெட்டு வயதானவர்களின் நன்னடத்தையைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, புறங்கைத் தோலுக்கடியில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு காந்தம். நம்பத் தகுந்தவருக்கு வடதுருவம் வெளியே பார்க்கும். மற்றவருக்குத் தென்துருவம். மின்சாரம் வேண்டாம், எண் வேண்டாம், பெயர் வேண்டாம். வாசலில் இருக்கும் சென்சார் துருவத்தைப் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டும். மனிதனின் மொத்தக் குணமும் ஒரு விதையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதில் அடங்கிவிட்டது. இவ்வளவு சிக்கனமான தத்துவம் உலகில் வேறெங்கும் தோன்றியதில்லை என்று வாரியத் தலைவர் அகிலாண்டமூர்த்தி மேடைதோறும் சொன்னார். அதற்காக அவருக்குத் ‘துருவச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தது அவருடைய வாரியம்தான்.

நாடு விரைவில் பழகிக்கொண்டது. ‘வடதுருவத்தாருக்கு மட்டும்’ என்று வீட்டு வாடகைப் பலகைகள் தொங்கின. பெண் பார்க்கப் போன மாமியார்கள் கைப்பையில் திசைகாட்டியை ஒளித்துக்கொண்டு போய், காபி வாங்கும் சாக்கில் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார்கள். தென்துருவத்தார் சித்திரை வெயிலிலும் கையுறை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதனால் யார் தென்துருவம் என்று தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது. காந்தத்தைத் தோண்டி எடுத்தவர்களும் உண்டு. காந்தமே இல்லாத பெரியவர் வாசலுக்கு வந்தால் எந்த விளக்கும் எரியாது, போலீஸ் வரும்.

தென்துருவத்தார் பள்ளிக்கூடத்துக்குள் போகக் கூடாது. சாரதாமணிக்கு முதலில் வேலை போனது. அதைக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருப்பாள். ஆனால் தென்துருவத்தார் குழந்தைக்குக் காப்பாளராக இருக்கவும் கூடாது. தங்கையும் தங்கை கணவனும் ஒரு லாரியின் அடியில் போன நாளிலிருந்து அவர்கள் மகள் மிருதுளா அவளிடம்தான் வளர்கிறாள். இப்போது மூன்றாம் வகுப்பு. காப்பாளர் உரிமையைப் புதுப்பிக்கும் வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நீதிமன்ற வளாகத்தில் புதிதாகத் துருவ வாசல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் சிவப்பு எரிந்தால் பெரியம்மா வெளியே, மிருதுளா வாரியத்தின் காப்பகத்துக்கு.

“காப்பகத்துல நல்லா பாத்துக்குவாங்க,” என்று வைத்தீஸ்வரன் ஆறுதல் சொன்னார்.

“நானும் நல்லாத்தானுங்க பாத்துக்கறேன்,” என்றாள் சாரதாமணி. “விட மாட்டேன். சொல்லிட்டுப் போறேன்.”

அவள் குடியிருந்த மோட்டார் காலனியில் ஒரு வினோதம் இருந்தது. அது இவ்வளவு நாள் அவள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் எளிது. தனக்குச் சிவப்பு எரிந்தது அநியாயம், பக்கத்து வீட்டுக்காரருக்கு எரிந்ததில் ஏதோ நியாயம் இருக்கும் என்று காலனியில் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிவப்பு. பிள்ளையார் கோயில் பூசாரி சிவப்பு. மருத்துவமனையில் இரவும் பகலும் உழைக்கும் நர்ஸ் ஆரோக்கியசெல்வி சிவப்பு. காலனிக்கே பச்சை வாங்கிக் கொடுத்த ஒரே மகான் கழுத்துச் சங்கிலி அறுப்பதில் கைதேர்ந்த ‘ஸ்பீடு’ சுரேந்தர். அவன் வங்கி வாசலில் நின்று எல்லாரும் பார்க்கும்படி உள்ளே போய்விட்டு வருவான். வேறு வேலை இருக்காது.

ஒரு காலனி முழுக்கச் சிவந்துகிடப்பதை வாரியமும் கவனிக்காமல் இல்லை. ஆராய்ச்சி செய்து, அந்தப் பகுதித் தண்ணீரில் ஒழுக்கத்தைப் பாதிக்கும் உப்பு அதிகம் என்று முடிவு கண்டிருந்தது.

ரேஷன் கடை வாசலின் சென்சாரைச் சோதிக்க வாரியத்தின் பொறியாளர் நவநீதன் ஒரு சனிக்கிழமை வந்தார். முன்நெற்றி ஏறிய, எதற்கும் அவசரப்படாத மனிதர். சாரதாமணி அவருடைய ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுவதற்கா, ஆடாமல் இருப்பதற்கா என்று அவருக்கு விளங்கவில்லை.

“ஏனுங்க, இது எப்படிங்க கண்டுபிடிக்குது?”

“என்னுத்த?”

“நல்லவன் கெட்டவன.”

“அதெல்லாம் இது கண்டுபிடிக்காதுங்க அம்மணி. காந்தத்தோட எந்த மூஞ்சி பக்கத்துல வருதுன்னு மட்டுந்தான் இதுக்குத் தெரியும்.” நவநீதன் இறங்கி வந்து, விரல்நகத்தில் பாதி இருக்கிற ஒரு கறுப்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மூன்று கால் இருந்தது. “ஹால் சென்சார். இதுல லீனியர்னு ஒரு ஜாதி. காந்தமே இல்லைன்னா மின்னழுத்தம் நடுவுல நிக்கும். தராசு முள்ளு மாதிரின்னு வெச்சுக்கங்க. ஒரு துருவம் கிட்ட வந்தா மேல ஏறும். இன்னொண்ணு வந்தா கீழ எறங்கும். அவ்வளவுதான். ஏறுச்சா எறங்குச்சான்னு பாத்துப் பச்சையா செவப்பான்னு சொல்றது பின்னால இருக்கற கம்ப்யூட்டரு.”

“இது ஏமாறவே ஏமாறாதுங்களா?”

“ஏமாறாதுங்க. ஆனா இதுக்கு மொகம்னு ஒண்ணு, முதுகுன்னு ஒண்ணு இருக்குது. எழுத்து அடிச்ச பக்கம் மொகம். காந்தத்த மொகத்துப் பக்கம் காட்டோணும். முதுகுப் பக்கம் காட்டினா தலைகீழாச் சொல்லும். வடக்கத் தெற்குங்கும், தெற்க வடக்குங்கும்.”

சாரதாமணி ஏணியை விட்டாள். “காலனியில எல்லாருக்கும் ஒரே நாள்ல, ஒரே மண்டபத்துல காந்தம் வெச்சாங்க. அத்தன பேரும் செவப்பு. சுரேந்தர் மட்டும் பச்சை. அவனும் அன்னிக்குத்தான் வெச்சுக்கிட்டான்.”

நவநீதன் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, “அந்த முகாம் போட்டோ எங்கயாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

இல்லாமலா? வாரியம் மக்களைப் பற்றித்தான் எதையும் சேர்த்துவைக்காது. தலைவரைப் பற்றிய எதையும் விடாது. வட்டார அலுவலகச் சுவரில், தெருவைப் பார்த்த கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆள் உயரத்துக்கு இருந்தது அந்தப் படம். துருவச் செம்மல் அகிலாண்டமூர்த்தி மோட்டார் காலனி முகாமைத் தொடங்கிவைத்து, முதல் ஆளாகத் தம் கையிலேயே காந்தம் வைத்துக்கொள்ளும் காட்சி. முகத்தில் தியாகம் வழிந்தது.

நவநீதன் படத்தை மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்.

“மண்டபத்தோட வாசல் எந்தப் பக்கமுங்க?”

“கெழக்கால.”

“அப்ப வாசலப் பாத்து உக்காந்திருக்கற இவரு கெழக்குப் பாத்து உக்காந்திருக்காரு.” நவநீதன் மெதுவாகத் தலையாட்டினார். “முகாம் மேசைய, வர்றவங்க மேற்குப் பாத்து உக்கார்ற மாதிரித்தான் போடுவோம். வரிசை வாசல்ல இருந்து வரோணுமில்ல, அதுக்காவ. மேசையத் தரையில போல்ட்டுப் போட்டு முறுக்கிருவாங்க. இவரோட சோசியக்காரரு மேற்குப் பாத்து உக்காரக் கூடாதுன்னிருப்பாரு. மேசையத் திருப்ப முடியல. நாற்காலியத் தூக்கி மேசைக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு, எழுத்து அவருக்குத் தெரியோணும்னு அட்டையக் கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க. பாருங்க, திருகாணி தல இந்தப் பக்கம் தெரியுது.”

“அட்டைன்னா?”

“காந்தம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு காட்டற அட்டை. ஊசியில காந்தத்த ஏத்தி, அட்டையில வடக்குன்னு வர்ற வரைக்கும் உருட்டுவாங்க. வந்ததும் குத்துவாங்க. எழுத்தும் சென்சாரும் அந்த ஒரே அட்டையிலதான் இருக்குது. அத எழுத்துக்காகத் திருப்பினப்ப சென்சாரும் திரும்பிருச்சு. காந்தத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னிருக்கு. அன்னிக்கு வடக்குன்னு வெச்சதெல்லாம் தெற்கு.”

“தலைவரு போனப்பறம் திருப்பி மாட்டியிருக்க மாட்டாங்களா?”

“தலைவரு பாத்து மாட்டச் சொன்னத எவனுங்க கழட்டுவான்?”

சாரதாமணி படத்தைப் பார்த்தாள். அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. “அப்ப இவரு கை?”

“மொதல் கையே அவருதுதான்.”

“இவரும் செவப்பா?”

“செவப்புத்தான். தெரியாது அவுருக்கு. கார்ல போறவரு. எந்த வாசல்லயாச்சும் நடந்திருந்தாத்தானே தெரியறதுக்கு?”

நவநீதன் அன்றே மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் அவரைப் பாராட்டியது, பிறகு மலையடிவார அலுவலகத்துக்கு மாற்றியது. முகாமில் பிழை என்று ஒப்புக்கொண்டால் முகாமைத் தொடங்கிவைத்தவருக்குப் பிழை என்றாகும். அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி ஆகவில்லை.

“விடுங்க அம்மணி, இதுக்கு மேல எனக்கு வழி தெரியல,” என்றார் நவநீதன், பெட்டி கட்டிக்கொண்டே.

“நான் விடறதா இல்லீங்க. நாம சொன்னா நம்ப மாட்டாங்க. சென்சார் சொன்னா நம்பித்தான ஆகோணும்? அவர நடக்க வெக்கறேன்.”

தலைவரின் உதவியாளர் கோகுலகண்ணன் தினமும் சாயங்காலம் ரயிலடிப் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பேக்கரியில் துருவ வாசல் கிடையாது. வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சாரதாமணி எதிரில் உட்கார்ந்தாள். தலைவரின் தொண்டைப் பெருமையையும் தோள் அகலத்தையும் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு கவலையோடு ஆரம்பித்தாள்.

“நீதிமன்ற வாசலத் தொறக்க வர்றாராமா. வழக்கம்போல ரிப்பன வெட்டிப்போட்டு கார்ல போயிருவாரா?”

“ஏனுங்க, போனா என்ன?”

“ஒண்ணுமில்லீங்க, ஊருக்குள்ள பேசிக்கறாங்க. போன வாரம் குடிநீர் வாரியத் தலைவரு அவங்க தண்ணிய அவரே குடிச்சுக் காட்டினாராமா.”

கோகுலகண்ணனின் பன் பாதி வழியில் நின்றது. “நெசமாவா? குடிச்சாரா?”

“ஒரு டம்ளர் முழுசா. பேப்பர்லயெல்லாம் போட்டாங்களே. அவரு உசுரப் பணயம் வெச்சுக் குடிச்சிருக்காரு, நம்ம தலைவரு நாலடி நடக்க மாட்டாரான்னு கேக்கறாங்க. நமக்குத்தான் மனசு கேக்கறதில்ல.”

கோகுலகண்ணன் டீயைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், வாழை, பேண்டு வாத்தியம். நீதிபதிகள் முன்வரிசையில். வாசல் பளிங்கில் இழைத்து, கோயில் நிலை மாதிரி இருந்தது. சாரதாமணி மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றாள். தலைவர் ரிப்பனை வெட்டினார். “மக்களோடு மக்களாக, இதோ நானும் நடக்கிறேன்,” என்று மைக்கில் சொல்லிவிட்டு, கேமராக்களுக்கு வாட்டமாக முகத்தை வைத்துக்கொண்டு, கையை நீட்டி நடந்தார்.

சிவப்பு எரிந்தது. “தயவுசெய்து ஒதுங்கி நிற்கவும். உங்கள் திருத்தம் எங்கள் விருப்பம்,” என்றது பெண் குரல்.

பேண்டு வாத்தியத்தில் ஒருவர் மட்டும் இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

தலைவர் பின்னால் வந்து மறுபடி நடந்தார். ஒதுங்கி நிற்கச் சொன்னது. “கை வேர்த்திருக்குங்கய்யா,” என்று கோகுலகண்ணன் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார். ஒதுங்கி நிற்கச் சொன்னது. இன்னொரு கையை நீட்டினார். அதில் காந்தம் இல்லாததால் விளக்கே எரியாமல், இரண்டு போலீஸ்காரர்கள் பழக்க தோஷத்தில் பாய்ந்து வந்து, யாரென்று பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார்கள்.

“வாசல்ல தப்பில்லீங்க,” என்றாள் சாரதாமணி. பந்தல் முழுக்கக் கேட்டது. “மோட்டார் காலனி முகாம்ல சென்சாரத் திருப்பி மாட்டிட்டாங்க. உங்களுக்கும் தெற்குத்தான் வெச்சிருக்குது, எங்களுக்கும் தெற்குத்தான் வெச்சிருக்குது. ஒத்துக்கிட்டுத் திருத்துங்க.”

ஒரு கணம் அவள் ஜெயித்துவிட்டாள் என்றே தோன்றியது. தலைவரின் முகத்தில் முதல்முறையாக ஒரு சாதாரண மனிதன் எட்டிப் பார்த்தான். ஆனால் அவர் நாற்பது வருடம் மேடையில் நின்றவர். சென்சார் தவறாது, அதை அவரே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். முகாம் தவறாது, அதை அவரே தொடங்கிவைத்தார். தலைவர் தவறவே மாட்டார். அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? திசைதான். அவர் மைக்கைப் பிடித்தார்.

“தோழர்களே! இந்தச் சிவப்பைப் பார்த்து நான் வெட்கப்படவில்லை, பெருமைப்படுகிறேன். தெற்கிலே பிறந்தவன் நான். தெற்கிலே வளர்ந்தவன் நான். எனக்கெதற்கு வடதுருவம்? நம்மில் யாருக்குத்தான் எதற்கு? இந்த மண்ணிலே நிற்கும் வாசல் நம் தென்துருவத்தைச் சிவப்பென்று தள்ளுமானால், அந்த வாசல் யாருடைய வாசல்?”

கைதட்டல் காதைப் பிளந்தது. வடதுருவத்தார்தான் அதிகம் தட்டினார்கள். உள்ளே உட்கார இடம் கிடைத்தவர்கள் அவர்கள்தானே.

மாநிலத்திலுள்ள அத்தனை வாசல்களும் இரவோடிரவாக மாற்றப்பட்டதாக மறுநாள் காலைச் செய்தி சொன்னது. மலையடிவாரத்திலிருந்து நவநீதன் தொலைபேசினார். “பெரிய வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஒரே ஒரு கழித்தல் குறி. ஏறினா பச்சைன்னு இருந்தத, எறங்கினா பச்சைன்னு ஆக்கிட்டாங்க. இப்ப எம்பட ஆபீசுக்குள்ள நானே போக முடியல. வெளிய நின்னுதான் பேசறேன்.”

மாநிலத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரே ராத்திரியில் கெட்டவர்களாகியிருந்தார்கள். அவர்களில் யாரும் முந்தின நாள் எதையும் செய்யவில்லை.

மிருதுளாவின் வழக்கு அந்த வாரமே வந்தது.

நீதிமன்ற வாசலில் சாரதாமணி கையை நீட்டினாள். பச்சை. “வணக்கம், வாருங்கள்,” என்றது குரல். வேலை போன நாளிலிருந்து ஒரு வாசல் அவளை வாருங்கள் என்று சொன்னது அதுதான் முதல்முறை. தன்னையறியாமல் பதிலுக்கு வணக்கம் சொன்னாள். அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. பெரியவர்கள் யாருடனாவது வந்தால் குழந்தைக்குத் தடையில்லை. இருவரும் உள்ளே போனார்கள்.

குடும்ப நீதிமன்ற அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நீதிபதி இல்லை. எழுத்தர் இல்லை. வக்கீல் இல்லை. வழக்கின் பெயரைக் கூவுகிற டவாலிகூட இல்லை. பின்பெஞ்சில் ஆரோக்கியசெல்வி தன் வேலை சம்பந்தமான வேறு வழக்குக்காக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எல்லாரும் வெளிய நிக்கறாங்க,” என்றாள். “நம்ம காலனியத் தவிர யாருக்கும் பச்சை எரிய மாட்டேங்குது.”

சாரதாமணி சன்னல் வழியே பார்த்தாள். கறுப்புக் கோட்டுகள் வேப்பமரத்தடியில் வேர்த்து நின்றன. நடுவே, எழுத்தர் பிடித்த குடையின் கீழ், நீதிபதி பத்மலோசனி.

அவளுடைய வக்கீல் ரங்கதுரை வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று அவசரமாகக் கையைக் காட்டி அழைத்தார். போனாள்.

“நமக்கு அதிர்ஷ்டமுங்க,” என்று வாசலின் ஊடே கிசுகிசுத்தார். “சட்டத்துல ‘வாசல் பச்சை காட்டும் நபர்’னுதான் போட்டிருக்கு. எந்தத் துருவம்னு போடல. நீங்க இப்பப் பச்சை. எப்பிடியாச்சும் ஒரு வடக்கு... இல்ல, தெற்கு நீதிபதியக் கொண்டுவந்து உக்கார வெச்சுட்டாங்கன்னா, அந்தப் பச்சையக் காட்டியே ஒரே நிமிசத்துல உத்தரவு வாங்கிரலாம். பேசாம உள்ளயே உக்காருங்க.”

“அந்தம்மாவுக்கு என்ன ஆகும்?”

“யாருக்கு? ஜட்ஜம்மாவுக்கா? அவுங்க இப்பச் செவப்புங்க. தீர்ப்புச் சொல்லத் தகுதியில்ல.”

சாரதாமணி திரும்பி மிருதுளாவைப் பார்த்தாள். குழந்தை காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டு வராந்தாவில் நின்றது. ஒரு நிமிடம் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது. இவ்வளவு பட்டதற்கு வாசலே வலிய வந்து கொடுக்கிறது, வாங்கிக்கொண்டு போனால் என்ன கெட்டுவிடும்? கெடுவது இன்றைக்கில்லை. அடுத்து எந்தத் தலைவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கழித்தல் குறி கொடுத்த பிள்ளையை இன்னொரு கழித்தல் குறி வந்து கேட்கும்.

அவள் வெளியே வந்தாள். நேராக வேப்பமரத்தடிக்குப் போய்க் கைகூப்பினாள்.

“அம்மா, கேன்டீனுக்குப் பால் கேன் எறக்கற வழி ஒண்ணு இருக்குதுங்க. அதுல வாசல் கட்டல. வாங்க, அப்பிடியே உள்ள போயிரலாம்.”

“நான் கொல்லைப்பக்கமா வந்து தீர்ப்புச் சொல்லணுமா?” என்றார் நீதிபதி.

“நான் இத்தன நாளா எல்லா எடத்துக்கும் அப்பிடித்தானுங்க போயிட்டிருக்கறேன். கூச்சமெல்லாம் ரெண்டு நாள்ல போயிரும்.”

நீதிபதி பத்மலோசனி அவளைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கியைக் கணுக்கால் தெரியத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் எழுத்தர், வக்கீல்கள், டவாலி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கேன்டீன்காரர் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். உத்தரவு கேட்டு வந்திருந்த கைதியும் காவலரும்கூட அந்த வழியில்தான் வந்தார்கள். கைதிக்கு அந்த வழி முன்பே தெரிந்திருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். ரங்கதுரை எழுந்து, மனுதாரருக்குப் பச்சை எரிந்ததைத் தாம் கண்ணால் கண்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“வேண்டாங்க,” என்றாள் சாரதாமணி.

“மேடம், சும்மா இருங்க,” என்று வக்கீல் பல்லிடுக்கில் சொன்னார்.

“எம்பட வழக்குல அந்தப் பச்சைய எழுத வேண்டாங்கம்மா. போன மாசம் அது செவப்பா இருந்தப்ப அது பொய்யின்னு எல்லார்கிட்டயும் போயிக் கத்தினேன். இப்ப எனக்குச் சாதகமா இருக்குன்னு நெசம்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

“அதை விட்டால் உங்களுக்கு வேறு ஆதாரம் இல்லை. தெரியும்தானே?” என்றார் நீதிபதி. “பச்சையை நான் பதிவு செய்யாவிட்டால் சட்டப்படி மனுவைத் தள்ளவும் எனக்கு உரிமை உண்டு.”

“தெரியுமுங்க.”

“தள்ளினால்?”

“மறுபடி போடுவேன். அதயும் தள்ளினா மறுபடி போடுவேன். புள்ளைய விட மாட்டேன்.”

அறையில் வெங்காய வாசம் அடித்தது. நீதிபதி பேனாவை மூடினார், திறந்தார். “ஒன்று சொல்கிறேன், எல்லாரும் கேளுங்கள். அந்த வாசலை நான் நம்பினால் இந்தப் பெண்மணி யோக்கியர். ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதை நம்பாவிட்டால்தான் இந்த நாற்காலியில் நான் உட்காரவே முடியும். எனக்கு வேறு வழி வைக்கவில்லை அவர்கள்.” மிருதுளாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பெரியம்மா உன்னை அடிப்பாங்களா?”

“ஓடச் சொல்லுவாங்க,” என்றாள் மிருதுளா. “காலைல. மழை பேஞ்சாக்கூட.”

“யார் கூட இருக்கணும்?”

“பெரிம்மா கூடத்தான்.” இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி இருந்தது குரல்.

நீதிபதி எழுதினார். துருவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், குழந்தை யாரிடம் வளர்ந்ததோ அவரிடமே வளரட்டும் என்று எழுதி முத்திரை வைத்தார். வாரியம் மேல்முறையீட்டுக்குப் போகும் என்று ரங்கதுரை காதில் சொன்னார். போகட்டும் என்றாள் சாரதாமணி.

திரும்பும்போது மிருதுளா பின்வழிக்கு வர மறுத்தாள். பளிங்கு வாசல் வழியே தனியாகப் போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். சரி போ என்று சாரதாமணி விட்டாள். குழந்தை எல்லாரையும் போலக் கையை நீட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மெதுவாக நடந்தாள். சென்சார் நடுவிலேயே நின்றது. பச்சை இல்லை, சிவப்பு இல்லை, குரலும் இல்லை. காவலர் எட்டிப் பார்த்து, குழந்தைதான் என்று உட்கார்ந்துகொண்டார்.

“எனக்கு மட்டும் ஒண்ணுமே எரியல பெரிம்மா,” என்றாள் ஏமாற்றத்தோடு.

“எரிய வேண்டாங்கண்ணு.”

“பதினெட்டு வயசானா எனக்கும் வெப்பாங்களாமா. மிஸ் சொன்னாங்க.”

சாரதாமணி அவள் கையைப் பிடித்து, புறங்கையைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். மிருதுவாக, எதுவும் தட்டுப்படாமல் இருந்தது.

“வரட்டும் வெக்கறதுக்கு,” என்றாள். “நான் இருக்கறேன். நட.”